ட்ரவுட் இல்லாத மலையில் ஒரு ஃப்ளை ராடு

வியாழன் இரவு, சேலம்

மச்சினன் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் வேலை பார்க்கிறான். பொங்கல் முடிந்த கையோடு லீவில் வந்தவன், பெட்டிகளோடு ஒரு நீளமான அலுமினியக் குழாயையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். உள்ளே நான்கு துண்டாகக் கழற்றி வைத்த ஃப்ளை ராடு, அதாவது இறகில் கட்டிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல். மாட்டினால் 9 அடி. "மாமா, உங்க ஊர்ல தண்ணி இருக்குதில்ல, நாம போய் வீசறோம்" என்றான். நான் சின்ன வயதிலிருந்தே தக்கை, மண்புழு, மைதா உருண்டை கட்சி. ஏரிக்கரையில் உட்கார்ந்து போடும் தூண்டில்தான் எனக்குத் தெரியும். நின்றபடி வீசிக்கொண்டே இருக்கும் தூண்டிலை வீடியோவில் பார்த்ததோடு சரி.

அவன் இதைக் கற்றுக்கொண்டது அங்கே இருக்கும் ட்ரவுட் குளங்களில். ட்ரவுட் என்பது குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து குளத்தில் விடுவார்கள். நாம் ஒரு நாளுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் வீச வேண்டியது. எத்தனை மீன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று சீட்டிலேயே கணக்கு இருக்கும். சில குளங்களில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ரெயின்போ ட்ரவுட் முட்டையிட ஓடுகிற தண்ணீரும் சரளைக்கல்லும் வேண்டும். தேங்கிய குளத்தில் அது பெருகாது. அதனால் குறையக் குறைய விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆற்றில் பிடிக்கிறவர்கள் சிலருக்கு இந்தக் குளத்து மீன் என்றால் ஓர் இளக்காரம் உண்டாம்.

எனக்கு அந்த இளக்காரம் புரியவில்லை. நம் ஏரிகளில் மட்டும் என்ன வாழ்கிறது? கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டால்தான் அவை இங்கே உண்டு. ஜிலேபி மீன் (திலாப்பியா) ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு யாரும் குஞ்சு வாங்கி விடவே வேண்டாம், தானே பெருகிக்கொள்கிறது. "சுத்தமான ஏரி மீனுங்க" என்று சந்தையில் கூவி விற்பதில் முக்கால்வாசி விட்டு வளர்த்ததுதான்.

சாயங்காலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் பாடம் ஆரம்பமானது. ஒரு ஓரத்தில் பையன்கள் கிரிக்கெட். முள்ளுக்குப் பதிலாக நுனியில் ஒரு துண்டு ஆரஞ்சுக் கம்பளி நூல் கட்டினான். முள்ளோடு பழகினால் காது போய்விடும் என்பது அவன் சித்தாந்தம்.

நாம் தூண்டில் வீசும்போது ஈயக்குண்டுதான் பறந்து போகும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். இதில் அப்படியே தலைகீழ். நுனியில் கட்டும் பூச்சிக்கு எடையே கிடையாது. நாலு இறகும் கொஞ்சம் நூலும். எடை முழுக்க லைனில் இருக்கிறது. பார்க்க ஷூ லேஸ் தடிமன், மேலே வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு. ராடின் மேல் 5 என்று ஓர் எண் போட்டிருக்கிறது. அது லைனின் எடைக்கான எண். 5ஆம் நம்பர் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது 9 கிராம் இருக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரே கணக்கு. அந்த 9 கிராம் காற்றில் நேராக நீண்டு நின்றால்தான் ராடு வளையும். வளைந்தால்தான் அடுத்த வீச்சுக்கு விசை கிடைக்கும்.

ஆகவே முன்னால் வீசுவதைவிடப் பின்னால் வீசுவதுதான் பெரிய வேலை. ராடைத் தூக்கிப் பின்னால் ஒரு வெட்டு வெட்டி, லைன் முழுதாக நீளும் வரை சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பது இருக்கிறதே, அது உடம்புக்கு வரவே மாட்டேன் என்கிறது. கை தானாக முன்னால் ஓடுகிறது. ஓடினால் சாட்டை போலப் படீர் என்று ஒரு சத்தம், நுனி நூல் பிய்ந்து போயிருக்கும். "மாமா, திரும்பிப் பாருங்க, லைனு நேரானதுக்கு அப்புறம் கைய விடுங்க" என்று ராகம் போட்டு அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கிரிக்கெட் பையன்களில் ஒருவன் வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "அண்ணா, மேல எதைப் புடிக்கிறீங்க?" என்றான்.

இருட்டிய பிறகு தோளில் விண் விண் என்று ஒரு வலி. மைதானத்துக்கு வெளியே தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம். நாளைக் காலை மலை ஏறுகிறோம்.

வெள்ளி, ஏற்காடு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். மச்சினன் பாதியிலேயே ஜன்னலைத் திறந்து மூஞ்சியை வெளியே நீட்டிக்கொண்டான். இங்கிலாந்தில் ஓட்டிப் பழகியவனுக்கு நம் பஸ் டிரைவர்கள் வளைவில் திரும்பும் அழகு பிடிபடவில்லை.

மதியம் ஏரியைப் போய்ப் பார்த்தோம். ஊருக்கு நடுவில் இருக்கும் பெரிய ஏரி, படகுத்துறை, மிளகாய் பஜ்ஜி, பக்கத்தில் பூங்கா. இது நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது. மிதிபடகுகள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. முள் கட்டிய லைனை 40 அடி பின்னால் சுழற்ற இது இடமே இல்லை. யார் தலையில் மாட்டும் என்று சொல்ல முடியாது. நாங்கள் இங்கே வீசுவதாகவும் இல்லை. தெரிந்தவர் மூலம் ஓர் எஸ்டேட்டில் குளம் கேட்டு வைத்திருக்கிறோம், நாளைக்கு.

ஆனால் ஏரிக்கரையில் பேச ஒரு விஷயம் கிடைத்தது. "இவ்ளோ குளிரா இருக்கே மாமா, இங்க ஏன் ட்ரவுட் விடல?" என்றான். கேள்வி நியாயமானதுதான். ஜனவரி சாயங்காலம், ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியவில்லை.

நீலகிரியில் ட்ரவுட் உண்டு. 1860களிலேயே ஃப்ரான்சிஸ் டே என்ற டாக்டர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவர முயன்றார்; பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் ரெயின்போ ட்ரவுட்டைப் பிடித்து நிறுத்தினார். அவலாஞ்சியில் 1907இல் மீன் குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. மூணாறு பக்கமும் தேயிலைத் தோட்டக்காரர்கள் விட்டிருக்கிறார்கள். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் அந்தக் கதை நடக்கவில்லை. காரணம் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அவலாஞ்சி 2,000 மீட்டருக்கு மேலே. 100 மீட்டர் ஏறினால் காற்று அரை டிகிரிக்கும் கொஞ்சம் கூடக் குளிரும் என்பது பொதுக் கணக்கு. அந்த வித்தியாசம் மனுஷனுக்கு ஒரு ஸ்வெட்டர். ட்ரவுட்டுக்கு அது உயிர் விஷயம். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அது திணற ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் இரை எடுக்காது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், ட்ரவுட்டுக்கோ அது அதிகம் வேண்டும். ஏற்காட்டில் ஜனவரியை ஓட்டிவிடலாம். ஏப்ரல், மே மாதத்தில் இந்த ஆழமில்லாத ஏரி என்ன சூட்டுக்குப் போகும் என்று யோசித்தாலே போதும்.

"அப்ப எதைப் புடிக்கப் போறோம்?" என்றான். ஜிலேபிதான் என்றேன். முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது. அவன் அம்மா சட்டியில் வைக்கும் மீன் அது. அதற்குப் போய் இத்தனை ஆயிரம் ரூபாய் ராடா என்று நினைத்திருப்பான்.

சனி இரவு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

விடிகாலை ஆறு மணிக்கே எஸ்டேட் கேட்டில் போய் நின்றுவிட்டோம். அது மச்சினன் பிடிவாதம். ட்ரவுட்காரர்கள் எல்லாம் விடிவதற்குள் தண்ணீருக்குப் போய்விடுவார்களாம். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் சில்வர் ஓக் மரம் கூடத் தெரியவில்லை. காவலுக்கு இருக்கும் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கேட்டைத் திறந்தார். மலைவாழ் மக்களில் ஒருவர், இந்த எஸ்டேட்டிலேயே வாழ்க்கை முழுக்க இருந்தவர். "இந்நேரத்துக்கா வந்தீங்க? காட்டெருமை இன்னும் போகலீங்க தம்பி, செத்த உக்காருங்க" என்றார். களத்துத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு கடுங்காப்பி கொடுத்தார். களம் முழுக்கக் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, மேலே பனி படாமல் தார்ப்பாய். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார் என்பார்கள். இருநூறு வருஷமாக மலை அந்த வாசனையில்தான் இருக்கிறது.

குளம் பெரிதில்லை. ஒரு ஓரத்தில் நின்று கல் எறிந்தால் மறு ஓரத்தில் விழும். காப்பிக்குப் பாய்ச்சத்தான் வெட்டியிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால்தான் காப்பி ஒரே சமயத்தில் பூக்கும். அந்த மழை ஏமாற்றினால் இந்தத் தண்ணீரை ஸ்பிரிங்க்ளரில் அடித்துப் பூக்க வைப்பார்கள். அதில் எஸ்டேட்காரர் கெண்டையும் கட்லாவும் வாங்கி விட்டிருக்கிறார். ஜிலேபி எப்படி வந்தது என்று பெரியவருக்கே தெரியவில்லை. "அது வந்துருமுங்க" என்றார்.

மச்சினன் முதல் வேலையாகத் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினான். 17 டிகிரி. "ட்ரவுட்டுக்கு இது சொர்க்கம்" என்றான். ஜிலேபிக்கு அது குளிர். வெப்பமான ஊர் மீன், குளிர்ந்தால் மந்தமாகி ஆழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை அவன் அழகு அழகாக வீசினான். லைன் காற்றில் ஒரு குறுகலான வளையமாக உருண்டு போய், கடைசியில் பூச்சி மட்டும் மெல்ல இறங்கும். பெரியவரும் நானும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மீன் தொடவில்லை.

பத்தரைக்கு மூட்டம் விலகி வெயில் வந்தது. கிழக்குப் பக்கம் கரையோரம் முழங்கால் ஆழம்தான்; அங்கே தெர்மாமீட்டர் 21 காட்டியது. போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் அடிமண்ணில் வட்ட வட்டமாகக் குழிகள். ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் துப்பித் தோண்டி வைத்த குழிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கருத்த மீன் காவல். பெண் வந்து குழியில் முட்டையிட்டு, அவற்றை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிந்து நீந்தும் வரை அதன் வாய்தான் தொட்டில். ஆணுக்குக் குழியோடு சரி. ஆனால் அந்தக் குழிக்குள் எது வந்தாலும் அதற்குப் பொறுக்காது. பசியில்லாத மீனும் கடிக்கும், விரட்டுவதற்காக.

இந்த இடத்தில்தான் ஃப்ளை ராடின் அருமை எனக்குப் புரிந்தது. தக்கையும் ஈயமும் கட்டி இந்த ஆழத்தில் எறிந்தால் தொபுக்கடீர் என்று விழும், அத்தனை மீனும் சிதறிவிடும். பூச்சியோ தண்ணீரில் விழுவதே தெரியாது.

அவன் எனக்குக் கட்டிக் கொடுத்தது 12ஆம் நம்பர் முள்ளில் பச்சையும் பழுப்புமாக ஒரு நிம்ஃப். தட்டான் பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் இருக்குமே, கிட்டத்தட்ட அந்த ஜாடை. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னப் பல்லைப் பிளையரால் நசுக்கிவிட்டான். மீனுக்குக் காயம் குறையும், என் காதுக்கும்தான். லைனுக்கும் பூச்சிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு 9 அடி. கைப் பக்கம் தடிமனாக ஆரம்பித்து நுனியில் 0.18 மில்லிமீட்டராக மெலிந்து போகிறது. அதில் கடைசி இரண்டடி தேயத் தேய வெட்டிப் புதிது கட்டிக்கொள்ளலாம்.

எனக்குப் பின்னால் காப்பிச் செடி, அதற்குப் பின்னால் சில்வர் ஓக். நேற்று முன்தினம் மைதானத்தில் பழகிய வீச்சுக்கு இங்கே இடமில்லை. அப்போதுதான் ரோல் காஸ்ட் சொல்லிக் கொடுத்தான். லைனைப் பின்னால் பறக்கவிட வேண்டாம். தண்ணீரின் மேலேயே மெதுவாக இழுத்து, ராடைக் காதுக்குப் பின்னால் கொண்டுவந்து ஒரு கணம் நிறுத்தினால், லைன் தோளுக்குப் பின்னால் தொய்ந்து தொங்கும். அதன் முன்பாதியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடிமானத்தில்தான் ராடு வளைகிறது. அங்கிருந்து முன்னால் ஒரு சுத்தியல் அடி. லைன் தண்ணீர் மேல் உருண்டு உருண்டு போய் விரிகிறது. தண்ணீரின் பிடி இல்லாமல் இது நடக்காது, அதனால்தான் புல்தரையில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு மேல் வீச்சைவிட இதுதான் கைக்கு வந்தது. சின்னக் குளத்துக்கு இது தெரிந்தாலே போதும் என்பேன். தூரமாக வீசத் தெரிந்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கலாம். மீன் என்னவோ கரையிலிருந்து இருபது அடிக்குள்தான் இருந்தது.

பூச்சி குழிக்கு அப்பால் விழுந்தது. மூழ்க விட்டேன். இடது கையில் லைனை விரல்களுக்குள் எட்டு போடுவது போல மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும், அங்குலம் அங்குலமாக. வேகமாக இழுத்தால் பூச்சி ஓடுகிற மாதிரி இருக்கும், தண்ணீர்ப் பூச்சி அப்படி ஓடாது. குழியின் விளிம்புக்குப் பூச்சி வந்ததும் கருத்த மீன் திரும்பியது. தலையைத் தாழ்த்தி அதன் முன்னால் வந்து நின்றது. இழுப்பை நிறுத்தினேன். வாய் திறந்து மூடியது, அவ்வளவுதான். தக்கை முங்குவது போல எந்த அறிகுறியும் இல்லை. லைனின் நுனி ஒரு விரற்கடை நகர்ந்தது. இடது கையால் வெடுக்கென்று ஓர் இழுப்பு.

அரைக் கிலோ கூட இருக்காது. ஆனால் அந்த மெல்லிய ராடில் அது காட்டிய வேகம்! நேராக ஓடாது ஜிலேபி; உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துத் தட்டு போல நிறுத்திக்கொண்டு வட்டம் போடும். ராடு கைப்பிடி வரை வளைந்தது. மச்சினன் வலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டான், செருப்போடு. பெரியவர், "விடாதீங்க, விடாதீங்க" என்று கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

பிடிக்கும் விதம் ஒன்று உண்டு. கையை நனைத்துக்கொண்டு, தலைப் பக்கமிருந்து முதுகோடு சேர்த்துத் தடவினால்தான் முதுகு முள் மடியும். வாலிலிருந்து தடவினால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். பக்கத்தில் பார்க்க அது கருப்பே இல்லை. காவல் காக்கும் ஆணுக்குத் தாடை வெளுத்து, துடுப்பு ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பாக இருந்தது. இதை விட்டுவிடலாமா என்று மச்சினன் என்னைப் பார்த்தான், பழக்கதோஷம். பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். இந்த மீன் எத்தனை எடுத்தாலும் குளத்துக்கு நல்லது, கெண்டைக் குஞ்சுக்குத் தீனி மிஞ்சும் என்பது அவர் வாதம். நானும் அவர் கட்சி. ஜிலேபியை விட்டுவிட்டு வருவதில் எந்த தர்மமும் இல்லை.

மத்தியானம் வரை நன்றாகப் போனது. மூன்று மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மீன் எல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. ஆக, ட்ரவுட் நேரத்துக்கு நேர் எதிர் நேரம் இங்கே. குளிர்கால ஏற்காட்டில் வீச நினைப்பவர்கள் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார். "ஐப்பசியில மழை விட்டு ஈசல் கெளம்பும் பாருங்க, அன்னைக்கு வரணும். குளமே கொதிக்கும்." மச்சினன் நின்றுவிட்டான். அங்கே வருஷம் முழுக்க இதற்காகத்தான் காத்திருப்பார்களாம்: ஏதோ ஒரு பூச்சி ஒரே நாளில் கூட்டமாக இறகு முளைத்து எழும், மீன்கள் வேறு எதையும் தொடாமல் அதையே பொறுக்கும். அதே பூச்சியைப் போல இறகில் கட்டிப் போடுவதுதான் இந்த வித்தைக்கே ஆரம்பம். ஈசலுக்கு இறகு நான்கு, உடம்பு பழுப்பு, நீளம் இவ்வளவு என்று செல்போனில் குறித்துக்கொண்டான். ஐப்பசியில் அவன் லீட்ஸில் இருப்பான்.

ஞாயிறு

காற்று. குளத்துக்குப் போகவில்லை. ஊரே வண்டிகளால் அடைத்துக் கிடந்தது. சேர்வராயன் கோயில் வரை போய்விட்டு வந்தோம். மேலே அந்தச் சமவெளியில் லைனை விரித்தால் பட்டம் விடலாம். நேற்றைய மீனை லாட்ஜ் பக்கத்து மெஸ்ஸில் கொடுத்து வறுத்துத் தரச் சொன்னோம். மிளகு இந்த மலையிலேயே விளைந்தது. மச்சினன் இரண்டு தட்டு சாப்பிட்டான். ஜிலேபியைப் பற்றி வெள்ளிக்கிழமை தொங்கிய முகம் இன்று நிமிர்ந்துவிட்டது.

திங்கள், இறங்கும் வழியில்

குப்பனூர் பாதையில் இறங்கினோம். அந்தப் பக்கம் கூட்டம் குறைவு, காடும் நன்றாக இருக்கும். கீழே இறங்கி அயோத்தியாப்பட்டணம் போகும் வழியில் ஒரு கிராமத்து ஏரி. குத்தகைதாரரின் ஆள் கரையில் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தார். அனுமதி கேட்டோம். "வல போடுவீங்களா?" என்றார். இல்லை என்றோம். ராடைக் காட்டினோம். வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா? எடுங்க எடுங்க. எடுத்ததுக்குக் கிலோ வெலை போட்டுருவோம்" என்று சிரித்தார். லீட்ஸ் குளத்துச் சீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது நேர்மையான ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம், பிடித்தால்தான் காசு.

மலைக்கு மேல் ஸ்வெட்டர், கீழே வந்தால் பனியன் நனைகிறது. ஏரியில் பாதிக்கு அல்லியும் கோரையும். இந்த மாதிரித் தண்ணீரில் விரால்தான் ராஜா. அதற்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு தனியாக உண்டு. அடிக்கொரு தரம் மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிவிட்டுப் போகும். 'ப்ளப்' என்று ஒரு சத்தம், அல்லி இலை ஆடும். அதை வைத்து இடம் கண்டுபிடிக்கலாம். மச்சினன் ரப்பர் நுரையில் தவளை மாதிரி செய்த பெரிய பூச்சியைக் கட்டினான், நரம்பையும் தடிமனாக மாற்றிக்கொண்டான். 5ஆம் நம்பர் ராடுக்கு அது அதிகச் சுமை. லைன் தடுமாறி விழுந்தது. இதற்கு 8ஆம் நம்பர் வேண்டும் என்று அவனே சொன்னான்.

ஒரு தரம் இலைக்கு அடியிலிருந்து அலை கிளம்பித் தவளையைத் துரத்தி வந்து, கரைக்கு நாலடி முன்னால் திரும்பிப் போய்விட்டது. முதுகு மட்டும் தெரிந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை.

கொஞ்சம் தள்ளிக் கோரை ஓரத்தில் தண்ணீர் மட்டத்தில் சிவப்பாக ஓர் உருண்டை கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுக் கூட்டம். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் அடிக்கும், பிடிப்பது சுலபம். மச்சினன் ராடைத் தூக்கியதும் குடிசை ஆள் கத்தினார்: "அங்க வேணாமுங்க!" பெரிய மீனை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் வந்து அத்தனை குஞ்சையும் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். ஜிலேபிக்கு ஒரு நியாயம், விராலுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால், ஆமாம். ஒன்று வந்து பெருகியது, இன்னொன்று நம் ஏரிக்குச் சொந்தமாக இருந்து குறைந்துகொண்டே வருவது.

கிலோ கணக்குக்கு வேலை வரவில்லை. ஆளுக்கு ஒரு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

புதன் இரவு, சேலம்

மச்சினன் இன்று காலை கிளம்பிவிட்டான். ராடை விட்டுவிட்டுப் போயிருக்கிறான், தங்கைக்குத் தெரியாமல். அவளுக்கு அது என்ன விலை என்று தெரிந்தால் எனக்கும் சேர்த்துத்தான் கிடைக்கும்.

பூச்சிகள் டப்பாவில் கொஞ்சம்தான் மிச்சம். இரண்டு சில்வர் ஓக் கிளையில் இருக்கின்றன. கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது, நானே கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். இதற்கு நம் ஊரில் கிடைக்காத பொருள் எதுவுமே இல்லை என்பது இந்த இரண்டு நாளில் தெரிந்த விஷயம். கறிக்கடையில் சொல்லி வைத்து நாட்டுச் சேவலின் கழுத்து இறகு வாங்கினேன். அந்தச் செம்பழுப்பு நிறத்துக்கு வெளிநாட்டில் தனி விலையாம். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். செள்ளு, பூச்சி இருந்தால் செத்துவிடும். ஃப்ரீசரைத் திறந்த மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. நூல் தையல் கடையில் கிடைத்தது. பழுப்பு உரோமத்துக்கு எதிர் வீட்டு நாயைச் சீவினேன்.

நிம்ஃப் உடம்பில் சுற்ற மெல்லிய கம்பி ஒன்று வேண்டும். பூச்சியின் உடம்பில் இருக்கும் வரிகளுக்காகவும், கொஞ்சம் எடைக்காகவும். பழைய மோட்டார் காயில் செம்புக் கம்பி போதும். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு அதற்குள் நிற்க மனசு வரவில்லை. கொலுசு செய்யும் ஊர் இது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தெரிந்த பட்டறை ஒன்றுக்குப் போய், முடி மாதிரி வெள்ளிக் கம்பி ஒரு சாண் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சட்டைப் பையிலிருந்து நிம்ஃபை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, நகை செய்கிறவர் கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்து சமமா இல்லீங்களே" என்றார்.

அவரே ஒரு கம்பியை எடுத்து, சாமணத்தில் முள்ளைப் பிடித்து, ஐந்து சுற்று சுற்றிக் காட்டினார். இங்கிலாந்து சரக்கை விட நேர்த்தியாக இருந்தது. காசு வாங்கவில்லை. மீன் மாட்டினால் அரைக் கிலோ தர வேண்டும், அதுவும் ஜிலேபி வேண்டாம், கெண்டைதான் வேண்டும் என்றார்.